கடலடி மண்ணில் தூவிய நவதானியம்

கரையேறாத என் கருப்பையா மச்சானுக்கு,

உங்களுக்குத் தபால் போட விலாசம் கிடையாது. அதனால் இதை ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போட்டால் நாலு பேர் படிக்கட்டும். போடாவிட்டாலும் உங்களிடம் சொல்லியாயிற்று என்று எனக்கு இருக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. அக்கா நன்றாக இல்லை, ஆனால் நிமிர்ந்துதான் நடக்கிறாள். நம் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்ட் வந்துவிட்டது. கமலையில் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றாயிற்று. அதில் யாருக்கும் வருத்தமில்லை, மாடுகளுக்கு நிச்சயமாக இல்லை. தக்காளி போட்டிருக்கிறோம். திண்டுக்கல் மார்க்கெட்டில் அதற்குக் கேட்கிற விலையைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். நீங்கள் கோபத்தோடுதான் போனீர்கள் என்று ஊரே பேசுகிறதே! அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவரைப் புதைத்த மண்ணில் பால் ஊற்றி நவதானியம் தூவுவார்கள். கருமாதிக்குள் முளைத்துவிட்டால் போனவர் மனம் ஆறிப் போனார் என்று அர்த்தம். முளைக்காவிட்டால் ஏதோ குறையோடு போனார். குறை யாரால் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பெண்டாட்டிதான் பதில்.

உங்கள் விஷயத்தில் புதைத்த மண்ணே இல்லை. கடலில் விபத்து, உடல் கிடைக்கவில்லை என்று கம்பெனித் தந்தி ஒன்று வந்தது, நானும் அதற்கு மேல் விவரம் எழுதவில்லை, அவ்வளவுதான். உடலைப் பார்க்காமல் எப்படிக் கருமாதி செய்வது என்று உங்கள் அண்ணன் நிறுத்தி வைத்துவிட்டார். அக்கா தாலியோடு இருந்தாள். அதையும் ஊர் சும்மா விடவில்லை. "கருப்பையா சாகலையாம்ல, அரபு நாட்டுல ஒருத்தியச் சேத்துக்கிட்டு இருக்கானாம்" என்று தண்ணி எடுக்கிற இடத்தில் அவள் காதுபடவே சொன்னார்கள். சுமங்கலி என்று யாரும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடவில்லை. விதவை என்று யாரும் வந்து கட்டிக்கொண்டு அழவும் இல்லை. இப்படி ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி வைக்க நம் ஜனங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் உங்கள் அண்ணனே ஒரு வழி சொன்னார். "அவன் கெடக்குற எடத்து மண்ணு ரெண்டு பிடி வந்தாப் போதும். அதக் குழியில போட்டுச் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்." அக்கா எனக்கு எழுதச் சொன்னாள். நான் அப்போது வளைகுடாவில்தான் இருந்தேன்.

அந்த மண் எப்படிப்பட்ட மண் என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், மச்சான். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கிணறு வெட்டுகிறவர். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துப் பாறையில் உங்கள் கடப்பாரை படாத ஊர் குறைவு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலையில்லாமல் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு பம்பாய்க்குக் கப்பலேறப் போனீர்கள். நடுக்கடலில் இரும்புக் கால்களை ஊன்றி நின்ற, எண்ணெய்க்குத் துளை போடுகிற அந்த மேடையை முதன்முதலில் பார்த்ததும் நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "இதுவும் கெணறுதான்டா மாப்ள. வெட்டி எடுத்ததப் போடத்தான் கரை இல்ல."

நமக்குக் கிடைத்தது கூழ் வேலை. களிமண் தூளையும் கனமான ஒரு கல்மாவையும் மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டி, தண்ணீரும் டீசலும் விட்டுக் கலக்க வேண்டும். பார்ப்பதற்குக் கேப்பைக் கூழ் மாதிரி இருந்ததால் நீங்கள்தான் அந்தப் பேர் வைத்தீர்கள். அந்தக் கூழைக் குழாய் வழியாகத் துளைக்குள் இறக்குவார்கள். அது கீழே உடைகிற கல்லையும் மண்ணையும் வாரிக்கொண்டு மேலே வரும். சல்லடையில் விழுந்த கல்பொடி, அதில் ஒட்டிய கூழ், டீசல் எல்லாம் சரிவுத் தகரம் வழியாக நேரே கடலுக்குள் போகும். பகலென்றும் ராத்திரியென்றும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள்.  கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டலை வண்டி கட்டி அள்ளி வந்து காட்டில் அடிக்கிற ஆள் நீங்கள். களிமண்ணைக் கண்டால் உரம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். "கடலுக்கு வண்டல் அடிக்கிறோம்டா மாப்ள! அடுத்த வருசம் பாரு, மீனு ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கணக்கா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு, இரண்டு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒற்றை ஆளாக ஓடி ஓடித் தூக்கினீர்கள். நம் வட்டாரத்துக்காரனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு இந்த நினைப்பு வரும்?

மர்சூக் வந்த அன்றுதான் அது உடைந்தது. அவன் என் வயசுக்காரன். அந்தக் கடலில் முத்துக் குளித்த குடும்பம். முத்து வியாபாரம் படுத்த பிறகு, மேடையின் கால்களை முங்கிப் பார்த்துச் சொல்கிற வேலையைக் கம்பெனியில் வாங்கியிருந்தான். அன்றைக்கு மேலே ஏறி வந்தவன் இடுப்பு வலையிலிருந்து சிப்பிகளை எடுத்து உங்கள் முன்னால் கொட்டினான். எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே சதை இல்லை. நாம் கரைத்த கூழ் அடைத்துக்கொண்டு இருந்தது. டீசல் நாற்றம். தன் அரைகுறை இந்துஸ்தானியில் சொன்னான்: கீழே மேடைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குன்று நிற்கிறது. நண்டு இல்லை, சிப்பி இல்லை, புழு கூட இல்லை. சுற்றி இருந்த சிப்பிப் படுகை முழுக்கப் புதைந்துவிட்டது.

நீங்கள் ஒரு சிப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "அறுப்பு முடிஞ்ச காட்டுலதான்டா வண்டல் அடிக்கணும். நிக்கிற பயிரு மேல அடிச்சா அம்புட்டும் மூச்சு முட்டிச் செத்துரும். அங்க கீழ அறுப்பே முடியாத காடுடா அது. எப்பவும் நிக்கிற பயிரு."

அன்று சாயங்காலமே ஃபோர்மேனிடம் போனீர்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் சொல்ல, நீங்கள் கைஜாடை காட்ட, அந்தக் கழிவைப் படகில் ஏற்றித் தூரக் கொண்டுபோய்க் கரையில் குழி வெட்டிப் போடக் கூடாதா என்று கேட்டோம். அவன் நல்லவன் மாதிரிதான் சிரித்தான். கடலைக் கையால் காட்டி, "இது எவ்வளவு பெரிசு பார்த்தாயா?" என்றான். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னது: "பெரிசா இருந்தா அடிக்கலாமா? எங்க மாமனாரு கூடத்தான் பெரிய ஆளு." நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மூட்டைக்காக ஓடவும் இல்லை.

உங்கள் சாவை நான் இங்கே விவரமாக எழுத மாட்டேன். ஒரு காலை வேளையில் குழாய்க் கட்டைத் தூக்கிய சங்கிலி நழுவியது. சங்கிலி தேய்ந்திருக்கிறது என்று பல பேர் பல தடவை சொல்லியிருந்தோம். குழாய்களோடு நீங்களும் போனீர்கள். சரிவுத் தகரம் இருந்த பக்கமாகவே போனீர்கள்.

மர்சூக் குதித்தான். திரும்பத் திரும்பக் குதித்தான். முழங்கை வரை சாம்பல் சேற்றோடு ஏறி வந்தான். கலங்கிய கூழில் தன் கையே தனக்குத் தெரியவில்லை, குன்றுக்குள் எங்கோ அமுங்கிவிட்டார் என்றான். சாயங்காலம் வரை வேலை நின்றது. மறுநாள் காலையில் கூழ் இறைக்கிற பம்ப்பைப் போட்டுவிட்டார்கள்.

புரிகிறதா, மச்சான்? உங்கள்மேலேயே கொட்டினார்கள். நான் மூட்டையைத் தொட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். திருப்பி அனுப்பாமல் சாமான் கொண்டு போகிற லாஞ்சுக்கு மாற்றினார்கள். இரக்கத்தால் இல்லை, அந்த வேலைக்கு ஆள் இல்லாமல்தான். எனக்குப் பதில் கூழ் கரைக்க அன்றைக்கே வேறு ஒருவன் வந்துவிட்டான். அவனும் எங்கோ ஒரு ஊரில் ஒரு அக்காவுக்குத் தம்பியாகத்தான் இருப்பான்.

எண்ணெய் போதிய அளவு இல்லை என்று கொஞ்ச காலத்தில் துளையை அடைத்துவிட்டு மேடையையே வேறு இடத்துக்கு இழுத்துப் போனார்கள். ஒன்றும் கிடைக்காத குழிக்காகத்தான் இத்தனையும். அந்த இடத்தில் ஒரு மிதவையைக் கட்டிவிட்டுப் போனார்கள். லாஞ்சு அந்த வழியாகப் போகும்போதெல்லாம், கூட வருகிற மர்சூக் நான் கேட்காமலேயே முங்குவான்.

முதல் தடவை ஏறி வந்து தலையை மட்டும் ஆட்டினான். சுண்ணாம்புக் காளவாயின் தரை மாதிரி வெறிச்சென்று கிடக்கிறதாம். அடுத்த வருஷம் முங்கியபோது கொஞ்சம் பேசினான். குன்றின் ஓரத்தில், சேறு மெல்லிசாகப் படிந்த இடத்தில், சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளை வாயிலும் ஒரு சிட்டிகை மண். மழை பெய்த மறுநாள் நம் காட்டில் மண்புழு தள்ளி வைத்திருக்குமே, அதே மாதிரி. நகக்கண் அளவில் சிப்பிக் குஞ்சுகள் இரண்டொன்று கல்லில் ஒட்டியிருந்தனவாம். ஆனால் நடுவில்? நடுவில் ஒன்றுமில்லை. கையால் கிளறினால் உள்ளே கறுப்பாக, டீசல் வாடையோடு, போட்டது போட்டபடியே இருக்கிறது. ஓரம் பிழைக்கத் தொடங்கிவிட்டது, நடு பிழைக்குமா என்று தெரியாது என்றான். அவன் பாட்டன் காலத்துப் படுகை அது.

அக்காவின் கடிதம் வந்து, மண் வேண்டும் என்று சொன்னதும் அவன் என்னைக் கேட்டான்: "ஓரத்தில் எடுக்கட்டுமா? அங்கே உயிர் இருக்கிறது." நான் யோசித்தேன். நீங்கள் ஓரத்தில் இல்லையே, மச்சான். நடுவிலேயே எடு என்று சொல்லிவிட்டேன்.

பால்பவுடர் டின்னில் அடைத்துக் கொண்டு வந்தேன். பம்பாய்த் துறைமுகத்தில் அதிகாரி ஒருவன் டின்னைத் திறந்து விரலை விட்டுப் பார்த்து, மோந்து, என் சட்டையிலேயே விரலைத் துடைத்தான். "என்னய்யா இது?" என்றான். "எங்க மச்சான்" என்றேன். பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டான்.

ஊருக்கு வந்ததும் உங்கள் அண்ணனிடம் முதலிலேயே சொன்னேன். "பெரிய மச்சான், இதுல எதுவும் மொளைக்காது. உப்பும் டீசலும் கலந்த மண்ணு. பேருக்கு ஒரு சிட்டிகை போட்டுட்டு மேல நம்ம காட்டு மண்ணப் போட்டுத் தூவுவோம்."

"ஏலே, எந்தம்பி கெடக்குற மண்ணுடா இது. இதுல மொளைக்காதுன்னு நீ எப்படிச் சொல்லுவ? நாலு எழுத்துப் படிச்சுட்டா சாமிக்கும் சேத்துப் பேசுவியோ?"

"சாமியப் பத்தி நான் பேசல, மச்சான். டீசலப் பத்திப் பேசுறேன்."

"செத்த நேரம் சும்மா இருப்பா" என்றார் அவர். கூட நின்ற பங்காளிகளும் கலப்பு மண்ணில் தூவினால் அது பொய்க் கருமாதி என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். "அவுக சொல்றபடியே செய்யி அப்பு" என்றாள். இத்தனை காலம் நடுவில் நின்றவளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது பெரிசாகத் தெரியவில்லை.

சிறுமலை தெரிகிற பக்கமாகத் தோட்டத்து மூலையில் குழி எடுத்தார்கள். அரிசிமாவில் உங்களை மாதிரி உருவம் பிடித்து வைத்து, மேலே அந்த மண்ணைக் கொட்டிப் பரப்பினார்கள். அக்கா பால் ஊற்றினாள். பால் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நின்று, வானவில் மாதிரி எண்ணெய் படர்ந்தது. ஒரு சின்னப் பிள்ளை "அழகா இருக்கு" என்றது. அதன் தாய் அதைக் கிள்ளினாள். அந்த ஈரத்திலேயே தானியத்தைத் தூவினார்கள்.

கருமாதிக்குச் சொந்தமெல்லாம் வந்து நின்று பார்த்தபோது, பயறு உப்பி அழுகிக் கிடந்தது. நெல் போட்டபடி கிடந்தது. ஒரு முளை இல்லை.  உங்கள் சித்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள்.

"கோவத்தோடல்ல போயிருக்கான் எம்பிள்ள. யாரு என்ன பேசி அனுப்புனாகளோ."

"கப்பலுக்குப் போற ஆம்பளைய எவளா இருந்தாலும் வாயில நல்ல வார்த்த சொல்லி அனுப்பணும்" என்றாள் இன்னொருத்தி.

உங்கள் அண்ணன் தரையைப் பார்த்தபடி, "மனசுல என்னமோ வச்சுக்கிட்டுத்தான் போயிருக்கான்" என்றார். எல்லாக் கண்ணும் அக்கா பக்கம் திரும்பியது. நீங்கள் எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் என்று அங்கே ஒருத்தருக்குக் கூடவா ஞாபகம் இல்லை?

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே கொட்டினேன். கூழ் என்ன என்று சொன்னேன். சங்கிலியைச் சொன்னேன். மறுநாள் காலையில் பம்ப் போட்டதைச் சொன்னேன். "கோவமா? கோவப்பட அவருக்கு நேரம் எங்க குடுத்தாங்க? மேல மேலக் கொட்டிக்கிட்டே இருந்தாங்க. அங்க சிப்பியே மொளைக்கல. உங்க பயறு எப்படி மொளைக்கும்? அவர் மண்ணு அது இல்ல. அது கம்பெனி கொட்டுன மண்ணு. அவரு அதுக்கு அடியில இருக்காரு."

சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அழுகிய பயறு ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள்.

"அதுக்கப்புறம் அந்த எடத்துக்குப் போனியா?"

"போனேன்க்கா. மர்சூக் முங்கிப் பாத்தான்."

"உசுரு ஏதாச்சும் வந்திருக்கா அங்க?"

எனக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது, மச்சான். வந்துவிட்டது, சிப்பியும் மீனுமாய் நிறைந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அது வரவில்லை.

"ஓரத்துல வந்திருக்கு. புழு வந்திருக்கு. சிப்பிக் குஞ்சு ஒண்ணு ரெண்டு. நடுவுல ஒண்ணும் இல்லக்கா."

"புழுவா, ஐயையோ" என்றாள் யாரோ.

"பின்ன? காஞ்சு கெடந்த நெலத்துல மழ பேஞ்சா மொத வாரது புழுதான?" என்றாள் அக்கா. பிறகு எழுந்தாள். உங்கள் அண்ணனைப் பார்த்து நேராகப் பேசினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் முன்னால் அவள் நேராகப் பேசி நான் பார்த்ததில்லை.

"பெரிய மச்சான், எலையப் போடச் சொல்லுங்க. வந்தவுக பசியோட நிக்கிறாக. அவுகளுக்கு எம்மேல கோவமில்ல. எனக்குத் தெரியும். கருமாதி முடிஞ்சிருச்சு."

"மொளைக்கலையேம்மா..."

"அவுக மேல கொட்டுனவன் வந்து நின்னு பதில் சொல்லட்டும் அதுக்கு. நான் எதுக்குச் சொல்லணும்?"

 உங்கள் அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவரே போய் இலையை எடுத்து வைத்தார். தாலியை அக்கா தானே கழற்றினாள். யாரும் கை வைக்க விடவில்லை. அதற்கு அப்புறம்தான் அழுதாள். அந்த அழுகையை நான் எழுத மாட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது. "திரும்பிப் போவியா?" என்று கேட்டாள். போக இஷ்டமில்லை என்றேன். இங்கே இருந்தும் என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியவில்லை என்றேன். நம் நாட்டுக் கடலிலும் எண்ணெய் தேடப் போகிறார்கள் என்று பேப்பரில் வருவதைப் படித்தால், எந்தக் கரையில் நின்று யாரிடம் கத்துவது என்றே தெரியவில்லை.

"போ" என்றாள். "அந்த மூட்டையத் தொடாத. லாஞ்சுல இரு. அந்த எடத்தத் தாண்டுறப்பல்லாம் அந்தத் தம்பிய முங்கிப் பாக்கச் சொல்லு. நடுவுல உசுரு வந்திருச்சுன்னா எனக்குச் சொல்லு. வராட்டி வரலைன்னு சொல்லு. எனக்காகப் பொய் சொல்லிராத. அவுகளப் பத்தி எனக்குன்னு வாரது அது ஒண்ணுதான்."

அடுத்த கப்பலில் போகிறேன், மச்சான். ஓரத்துப் புழு உள்ளே வர எத்தனை வருஷம் ஆகும் என்று மர்சூக்குக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கம்பெனிக்காரனுக்குத் தெரிந்துகொள்ள அவசியமில்லை. கடலுக்குத் தெரியுமோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் அந்த மிதவைக்குப் பக்கத்தில் லாஞ்சை நிறுத்தச் சொல்வேன். நிறுத்த மாட்டேன் என்றால் சண்டை போடுவேன். மர்சூக் ஏறி வந்து என்ன சொல்கிறானோ, அதில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அக்காவுக்கு எழுதுவேன். வெறும் சேறுதான் என்றால் வெறும் சேறுதான் என்றே எழுதுவேன். அப்படி எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தே எழுதுவேன்.

இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் பேச்சியம்மாளுக்குத் தம்பி, உங்களுக்கு எப்போதும் மாப்ள,
செல்லத்துரை